இரண்டாவது மிதி

போன மாதம் சின்னவன் புது வண்டியோடு வாசலில் வந்து நின்றான். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும், பின்னால் வந்தால் திரையில் படம் தெரியும். சாவியை என்னிடம் நீட்டி, "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. உங்க பேத்திக்கு ஒரு வாரம் சொல்லிக் குடுங்கப்பா" என்றான். நான் வாங்கவில்லை. கண் சரியில்லை என்றேன். பெரியவள் சிரித்துக்கொண்டே, "நம்ம மூணு பேர்ல யாருக்குடா இவரு சொல்லிக் குடுத்தாரு? டிரைவிங் மாஸ்டர் வீட்டுப் புள்ளைங்க வேற ஸ்கூலுக்குப் போயி கத்துக்கினோம்" என்றாள்.

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. காரணம் வேறு. உட்கார்ந்து வாயால் சொல்ல எனக்கு வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று பேரும் படியுங்கள்.

நான் லாரியில் கிளீனராக ஏறியது விழுப்புரத்தில். ஐந்து வருடம் டயர் தட்டினேன், நான்கு வருடம் ஓட்டினேன். உங்கள் அம்மா வந்த பிறகு வெளியூர் ஓட்டம் வேண்டாம் என்று திண்டிவனத்துக்கு வந்து டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தேன். அதற்கு வாங்கியதுதான் உங்களுக்கு நினைவிருக்கும் அந்தப் பச்சைக் கார். பாண்டிச்சேரியில் ஓய்வு பெற்ற ஓர் இன்ஜினியர் வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. சீமை வண்டி. அதைச் செய்த கம்பெனியை அந்த நாட்டிலேயே மூடிவிட்டார்கள். பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்தபோது நல்ல வண்டியாகத்தான் செய்திருப்பார்கள். ஒரு ரப்பர் வாஷர் போனால்கூட மாற்று கிடைக்காத ஊரில் அதை வைத்துக்கொண்டு பிழைக்க வந்தவன் நான்தான்.

மாணவர்கள் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தார்கள். காலையில் வந்ததும், "மாஸ்டர், மகாராணி எழுந்துட்டாங்களா?" என்பார்கள். பெரும்பாலும் எழுந்திருக்க மாட்டாள். முதல் பாடம் தள்ளுவதுதான். நாலு பேர் பேருந்து நிலையம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்கள். டீக்கடையில் இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா மாஸ்டர், இவங்களுக்கு ஓட்டறதுக்கு லைசென்சா, தள்றதுக்கு லைசென்சா?" என்பார்கள். நானும் விடமாட்டேன். "இதுல கத்துக்கினவன் எந்த வண்டியும் ஓட்டுவான்யா. உங்க வண்டில கத்துக்கினவன் இத ஓட்டுவானா?" என்பேன். இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, நான் நம்பியது. வண்டியில் என்னென்ன கோளாறு உண்டோ அத்தனையையும் பாடமாக்கினேன். சோக்கை எவ்வளவு இழுப்பது, இரண்டாவது கியர் துள்ளினால் முட்டிக்காலால் எப்படி அணை கொடுப்பது, இடது கதவைக் கயிறு போட்டு எப்படிக் கட்டுவது, எல்லாம் பாடம்.

அதில் ஒரு பாடம் பிரேக்.

பிரேக்கை மிதித்தால் எண்ணெயைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் அனுப்புகிற உருளைக்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். என் வண்டியில் அதன் உள்சுவர் தேய்ந்துபோய்விட்டது. காதர் பாய் என்று விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக். வேறு வண்டியின் வாஷரைச் செதுக்கிப் போட்டுப் பார்த்தார், சரியாக உட்காரவில்லை. முதல் மிதியில் பெடல் அடிப்பலகை வரை இறங்கிவிடும், ஒன்றும் பிடிக்காது. காலை எடுத்து உடனே மறுபடி மிதித்தால் கல் மாதிரி பிடிக்கும்.

"மாஸ்டர், இத கழட்டிப் போட்டுட்டு நம்ம ஊரு கார் சிலிண்டரு ஒண்ணு வெச்சிடலாம். தகடு அடிச்சு ஒக்கார வெக்கணும். ரெண்டு நாள் வண்டிய உட்டுட்டுப் போங்க" என்றார் பாய்.

"ரெண்டு நாள் வண்டி நின்னா ஸ்கூலே நின்னுடும் பாய்."

"அப்ப ரெண்டு தரம் மிதிங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து இரண்டு தரம் மிதிப்பது என் பள்ளியின் பாடமானது. சாதாரணமாக நிறுத்தும்போது யோசித்து மிதிக்கலாம். திடீரென்று ஒன்று குறுக்கே வந்தால் யோசிக்க நேரமில்லை, கால் தானாகச் செய்ய வேண்டும். அதற்காக ஒரு பயிற்சி வைத்தேன். மயிலம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் "மாடு!" என்று கத்துவேன். ஓட்டுகிறவன் உடனே மிதித்து, விட்டு, மிதிக்க வேண்டும். பின் சீட்டில் இருப்பவர்கள் முன்னால் வந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாளைக்கு இருபது மாடாவது கத்துவேன். பத்து நாளில் கால் பழகிவிடும். பிறகு நான் கத்தி முடிப்பதற்குள் இரண்டு மிதியும் விழுந்துவிடும். அதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

லைசென்ஸ் டெஸ்ட் எடுக்க வருகிறவரை எங்கள் தொழிலில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அப்போது எங்களுக்கு வந்தவர் ஒல்லியான மனிதர். பஸ்ஸில் வந்து, குடையோடு இறங்கி, புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்க மாட்டார், தானே ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருவார். பெயரை இனிஷியலோடு ஒரு தரம்தான் கூப்பிடுவார். வண்டியில் ஓட்டுகிறவன் பக்கத்தில் அவர் உட்காருவார், நான் பின்னால். வலது இடது என்று வாயால் சொல்ல மாட்டார், பென்சிலால் காட்டுவார். மேட்டில் நிறுத்தச் சொல்லி, வண்டி பின்னால் ஒரு விரல் அளவு நகர்கிறதா என்று கதவைத் திறந்து தரையைக் குனிந்து பார்ப்பார். பாஸ், பெயில் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு, "அடுத்து" என்பார். என் மாணவர்கள் அவரிடம் தவறியது மிகக் குறைவு. ஒரு தரம் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் பசங்க எல்லாம் ஒரே மாதிரி மிதிக்கிறானுங்களே" என்றார். பாராட்டு என்று நினைத்து, "பழக்கம் சார்" என்றேன்.

தேவசகாயம் என்னிடம் சேர்ந்தது எண்பத்து மூன்றோ நாலோ. மயிலம் பக்கத்துப் பையன். அவன் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. ஒரு சாமான் வண்டியைக்கூட ஓட்டாத குடும்பத்திலிருந்து முதல் ஆளாக வந்தவன். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது அவன் சிரிக்க மாட்டான். நான் சொல்வதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வான். "மாடு" கத்தினால் அவன் கால்தான் எல்லோரையும்விட வேகம். முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் வாங்கினான். விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்த ஒரு முதலாளி ஜீப்புக்கு ஆள் கேட்டார். நான்தான் அனுப்பினேன். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சட்டைத்துணி கொண்டு வந்து கொடுத்தான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை. காலை பத்து மணிக்கு கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் அந்த ஜீப் ஒரு பெண்மேல் மோதிவிட்டது என்று ஓர் ஆள் வந்து சொன்னான். ஜீப்பில் அவன் மட்டும்தான். அந்த அம்மா பெயர் அஞ்சலை. வேகவைத்த மல்லாட்டையைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஓடி விற்பவர். நின்றிருந்த பஸ்ஸின் பின்னாலிருந்து, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடிக்க ரோட்டில் இறங்கியிருக்கிறார். விழுந்ததில் தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தேவசகாயத்தைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. விபத்தான வண்டியைச் சோதிப்பதும் பிரேக் இன்ஸ்பெக்டர் வேலைதான்; அவர் வந்து சோதித்துக்கொண்டிருந்தார். அவரே ஏறி ஓட்டி, மிதித்துப் பார்த்தார். சோதனை முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டு, பென்சிலை ஆட்டிக் கூப்பிட்டார்.

"இங்க பார்."

தாரில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு. ஒரு சின்னக் கோடு, அப்புறம் ஒன்றுமில்லாத வெறும் ரோடு, அப்புறம் ஒரு நீளக் கோடு. நடுவிலிருந்த வெறும் ரோட்டை அவர் நடந்து அளந்தார். எட்டுத் தப்படி. நீளக் கோடு முடிகிற இடத்தில் மல்லாட்டை சிதறிக் கிடந்தது. ஜீப் அந்த அம்மாவை இடித்த பிறகு ஒரு முழம்கூட உருளவில்லை.

"முதல் மிதியிலேயே பிடிச்சிருக்கு. சக்கரம் நின்னு தேய்ஞ்சிருக்கு. ஏன்யா நடுவுல விட்டான்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியும்.

"டெஸ்ட்ல உன் பசங்க எல்லாம் இப்படித்தான் மிதிப்பானுங்க. ஏதோ உன் பாணின்னு நினைச்சேன். உன் வண்டில என்ன கோளாறு?"

சொன்னேன். மாஸ்டர் சிலிண்டர், காதர் பாய், மாடு, எல்லாம் சொன்னேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு அந்த எட்டுத் தப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த எட்டுத் தப்படி மிச்சப்பட்டிருந்தால் அந்த அம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு, பஸ்ஸைப் பார்த்து ஓடியிருப்பார்.

"நான் வண்டியைப் பத்தித்தான் எழுதணும். இந்த வண்டில பிரேக் நல்லா இருக்கு. அப்படித்தான் எழுதுவேன்" என்றார்.

"அப்ப அவன் கால் சார்?"

"காலைப் பத்தி எழுத என் ஃபாரத்துல இடம் கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவன் நீ." நாலடி போய்த் திரும்பி வந்தார். "லைசென்சுல என் கையெழுத்துதான் இருக்கு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. சில மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

மறுநாளே மகாராணியைப் பாயிடம் கொண்டுபோய் விட்டேன். சிலிண்டர் மாற்ற இரண்டு நாள்தான் ஆயிற்று. மூன்று வருடம் தள்ளிப்போட்ட வேலை. வண்டியை எடுத்து ரயில்வே கேட் வரை ஓட்டிப்போய், ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வர, மிதித்தேன். முதல் மிதியிலேயே பிடித்தது. பிடித்த பிரேக்கை என் கால் விட்டுவிட்டு மறுபடி மிதித்தது. தெரிந்தும் மிதித்தது. வண்டியைச் செப்பனிட்டாயிற்று. நான் பழக்கி அனுப்பிய கால்களை என்ன செய்வது?

விலாசம் இருந்த பழைய மாணவர்களுக்கெல்லாம் தபால் அட்டை எழுதினேன். 'நல்ல பிரேக் உள்ள வண்டியில் ஒரே மிதியாக மிதித்து அழுத்திப் பிடிக்கவும். இது புதிய முறை' என்று எழுதினேன். என் தப்பு என்று எழுதக் கை வரவில்லை. புதிய முறை என்று எழுதினேன். தேவசகாயத்துக்கு அட்டை போடவில்லை.

அவன் ஜாமீனில் வந்த மறுநாள் நம் வீட்டுக்கு வந்தான். பெரியவளே, நீதான் அவனுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாய். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்.

"நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு தரம் மிதிச்சேன் மாஸ்டர். எதுவும் மறக்கல. மொத மிதி ஏமாத்திடுச்சு போல இருக்குது. ரெண்டாவது மிதி சரியா விழுந்துச்சு. அப்பவும் நிக்கல மாஸ்டர்."

என்மேல் குற்றம் சொல்ல வரவில்லை அவன். என் பேரைக் கெடுத்துவிட்டானோ என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்திருந்தான். நான் அவன் தோளைத் தட்டி, "நீ சரியாத்தாம்பா பண்ணியிருக்க. நேரம் சரியில்ல" என்றேன்.

வழக்கு திண்டிவனம் கோர்ட்டில் நடந்தது. முதலாளி வைத்த வக்கீல், பையன் முறையாகக் கற்றவன் என்று சொல்ல என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அதற்கு முந்தைய நாள் முழுவதும் யோசித்தேன். அந்தக் கூண்டில் நின்று உள்ளதைச் சொன்னால் ஸ்கூலை மூடிவிடுவார்கள். பெரியவள் எட்டாவது, நடுவுலவன் ஐந்தாவது, சின்னவன் இன்னும் பள்ளியில் சேரவில்லை. சொல்லாவிட்டால் அந்தப் பையன் கவனமில்லாமல் ஓட்டியவன் என்று ஆகிவிடும். நான் சொல்வதால் அவனை விட்டுவிடுவார்களா என்பதும் தெரியாது. ஆனால் ஏன் நடந்தது என்று அவனுக்காவது தெரிந்திருக்கும். இதையெல்லாம் தராசில் வைத்த மாதிரி யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். பயம்தான் அதிகம்.

வக்கீல் கேட்டார். "நல்லா கத்துக்கின பையன். மொத டெஸ்ட்லயே பாஸ் பண்ணான்" என்றேன். ஜட்ஜ் ஐயா நிமிர்ந்து என்னையே பார்த்து, "வண்டியில பிரேக் நல்லா இருக்குன்னு ரிப்போர்ட். பையனும் நல்லா ஓட்டுவான்ங்கிறீங்க. அப்புறம் ஏன் இடிச்சான்?" என்றார்.

உள்ளதைச் சொல்ல எனக்கு வந்த ஒரே சமயம் அது. தேவசகாயம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலிங்க ஐயா" என்றேன்.

ஆறு மாதம் தண்டனை ஆயிற்று. லைசென்சும் போயிற்று.

என் ஸ்கூல் நன்றாக நடந்தது. மகாராணியை விற்றுவிட்டு நம் ஊர்க் கார் ஒன்று வாங்கினேன். பிறகு இரண்டு. நீங்கள் பள்ளி, கல்லூரி படித்தது அந்த வருமானத்தில்தான். மயிலம் ரோட்டில் மாணவர்களைக் கூட்டிப்போவதை மட்டும் நிறுத்திவிட்டேன். போகும் வழியில் கூட்டேரிப்பட்டில் அஞ்சலையின் மகள் அதே இடத்தில் பஸ்ஸுக்குப் பஸ் ஓடி விற்றுக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி வண்டி ஓட்ட என்னால் ஆகவில்லை. புது மாணவர்களுக்கு ஒற்றை மிதிதான் சொல்லிக் கொடுத்தேன், ஆனால் பக்கத்து சீட்டில் மாஸ்டருக்கென்று வைத்த இன்னொரு பிரேக் பெடலில் என் கால் அவசரத்தில் இரண்டு தரம்தான் மிதித்தது. கடைசி வரை மாறவில்லை. அது உங்கள் காலுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் உங்களுக்கு நான் சொல்லித் தரவில்லை. பேத்திக்கும் தரமாட்டேன்.

அவன் விடுதலையாகி மூன்று வருடம் இருக்கும். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் அக்கா வீட்டில் இருந்துகொண்டு கரும்பு வெட்டுகிறான் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் சீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போனேன்.

கரும்புக் கொல்லையில் பத்துப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவன்தான் முதலில் என்னைப் பார்த்தான். கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். முகமெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கீறல்.

"மாஸ்டர்! இன்னா இவ்ளோ தூரம்? வெயில்ல வந்துக்கினு. வாங்க, இப்படி நெழல்ல ஒக்காருங்க."

கரும்புக் கட்டின்மேல் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். நான் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். சிலிண்டரிலிருந்து எட்டுத் தப்படி வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அவன் வலது கால் மண்ணில் மெதுவாக அழுந்தி எழுந்தது. அவனுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

"அப்ப, எனக்கு ஓட்டத் தெரிஞ்சிதான் இருந்துச்சா மாஸ்டர்?" என்று கேட்டான்.

"நல்லா தெரிஞ்சிருந்துச்சுப்பா. என்கிட்ட வந்தவங்கள்ல நீதான் நல்லா ஓட்டினவன்."

"நானு என் கைதான் ஆவாத கைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அக்கா புள்ளையக்கூட தூக்கறதுல்ல." நான் வைத்த சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது எப்ப தெரியும் உங்களுக்கு? கோர்ட்டுக்கு வந்தப்பவே தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

அவன் திட்டவில்லை. அழவும் இல்லை. சொம்பில் மீந்திருந்த தண்ணீரைக் கீழே ஊற்றிக் கவிழ்த்து வைத்தான். "நாலு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்குது. அத உட்டா பேஜாரு, ஆறு மணிதான். கெளம்புங்க" என்றான். மாஸ்டர் என்ற வார்த்தை இப்போது இல்லை.

அந்த நேரத்தில் கரும்பு ஏற்ற டிராக்டர் வந்து வரப்போரம் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டான். வண்டி கட்டுகளுக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தது. மேஸ்திரி இங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"டேய் தேவா, நீ முன்ன ஜீப்பு ஓட்டினு இருந்தவனாமே. ஜல்தியா அத ரெண்டு கஜம் முன்னால எட்றா. அவன் வர்ற வரைக்கும் யாரு நிக்கறது?"

தேவசகாயம் டிராக்டரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"எனக்கு வண்டி ஓட்ட வராதுண்ணே" என்று மேஸ்திரிக்குச் சொன்னான். குனிந்து ஒரு கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அந்த இரண்டு கஜத்தையும் நடந்தே போய் வண்டியில் போட்டுவிட்டு, அடுத்த கட்டுக்குத் திரும்பி வந்தான்.